குங்குமம் பட்ட வைரம்

1

ஊரில் ஆயுத பூஜை என்றால் இயந்திரத்துக்கு ஓய்வு. இங்கே அந்த ஓய்வுக்கு நான் அனுமதி கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் ஒரு பேராசிரியர், கெட்டவர் அல்ல. முதன்முதலில் கேட்ட வருடம், “எந்த இயந்திரத்துக்கு, எவ்வளவு நேரம்?” என்றார். நாள் முழுக்க என்று சொல்லத் துணிவு வரவில்லை. என் மேசையில் இருக்கும் கைக்கருவிகளுக்கு மட்டும் என்றேன். “அதற்கு என் கையெழுத்து வேண்டாம்” என்று சிரித்தார். அன்றிலிருந்து வருடா வருடம் என் மேசையில் ஒரு காபித் தட்டு, அதில் திருப்புளி, ஸ்பேனர், சாமணம், பக்கத்தில் ஒரு கிண்ணம் பொரி. போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டு போவார்கள். பேராசிரியரும் அள்ளுவார்.

ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் ஒரு ஊர். குளிர் சீக்கிரம் வந்து தாமதமாகப் போகும். அங்கே பல்கலைக்கழக இயற்பியல் கூடத்தின் கீழ்த்தளத்தில் பட்டறை உதவியாளனாக இருக்கிறேன். காலையில் டிராமை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கதவில் காட்டி, வெற்றிடப் பம்புகளின் எண்ணெயைப் பார்ப்பேன். பிறகு காபி. அதன் பிறகு மேல்தளத்திலிருந்து யாராவது இறங்கி வந்து, “இதைக் கொஞ்சம்” என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ பெரும்பாலும் சாயங்காலம் வரை போகும்.

அங்கே நடக்கும் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நகத்தை விடச் சின்னதாக, சதுரமாக வெட்டிய வைரத் துண்டை ஒரு பெரிய கருவியில் வைத்து, அதன்மேல் மின்னேற்றிய அணுக்களைச் சுடுவார்கள். அவற்றுக்கு அயனி என்று பெயர். அவை கல்லின் மேல்தோலுக்குச் சற்றே கீழே போய்ப் புதைந்துகொள்ளும். போகிற வழியில் இருப்பதையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். கொஞ்சம் சுட்டால் கல் பழுப்பேறும், நிறையச் சுட்டால் கருக்கும். உள்ளே எவ்வளவு உடைந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு நிறமாலைக் கருவி வேண்டும். பச்சை லேசரைக் கல்லின் மேல் விழவைத்து, சிதறித் திரும்பும் ஒளியைப் பிரித்துக் கணினித் திரையில் கோடாக வரைவார்கள். நல்ல வைரம் என்றால் ஒரே ஒரு மெல்லிய முனை, கொடிமரம் மாதிரி நேராக நிற்கும். அடிபட்ட வைரத்தில் அந்த முனை தாழ்ந்து, அகன்று, இடப்பக்கம் நகர்ந்து, நனைந்த வைக்கோல் போர் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

பிறகு அடிபட்ட கல்லைக் காற்றில்லாத உலையில் வைத்துச் சூடாக்குவார்கள். அடி ஒரு அளவுக்குள் இருந்தால், சூட்டில் அணுக்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிக் கல் ஆறிவிடும். கொடிமரம் மறுபடி எழும்பும். அளவைத் தாண்டியிருந்தால் அதே சூட்டில் அது பென்சில் கரியாகிவிடும். அப்போது திரையில் முனைக்குப் பக்கத்தில் இரண்டு திமில் தெரியும். அந்த அளவு எங்கே இருக்கிறது என்பதைத் தேடித்தான் இத்தனை பேர் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

வருடக் கடைசி விருந்தில் பேராசிரியர் என்னைக் காட்டி, “இவரும் ஒரு அயனிதான், எங்கள் படிகத்துக்குள் வந்து புதைந்தவர்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அயனிக்கு விசா நீட்டிக்க வரிசையில் நிற்கிற வேலை இல்லை.

2

நான் கோம்பைக்காரன். பத்தாவது முடித்தேன், ஐடிஐயில் பாதி முடித்தேன், அதற்கு மேல் எதையும் முடித்ததாக நினைவில்லை. உத்தமபாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் கொஞ்ச நாள், எல்லை தாண்டி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கொஞ்ச நாள், ஆழ்குழாய் லாரியோடு வடக்கே கொஞ்ச நாள். சூரத்தில் வைரம் பட்டை தீட்டும் கூடத்தில்தான் அதிகம் தங்கினேன். கால் ஒரு இடத்தில் தரிக்கட்டும் என்று வீட்டில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எனக்காக எள் விளக்கு போட்டார்கள். அடுத்த மாதமே வளைகுடாவுக்கு விமானம் ஏறினேன்.

ஜெர்மனிக்கு நான் வந்தது என் தகுதியில் அல்ல. என் மனைவி லிசி குமுளிப் பக்கத்துக்காரி, செவிலி. அவளுக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவளைச் சார்ந்தவன் என்று என்னை எழுதிக்கொண்டார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். ஒருமுறை என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். உடைந்த வைரங்களோடு வேலை என்று சொல்ல நினைத்து, வைரங்களை உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யாருடைய வைரங்களை என்று கேட்டார். வேலை கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போனார்.

லேத் பட்டறையில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று இங்கே யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாள் சாயங்காலமே லேத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். பூசணிக்காய் உடைத்து, ரோடு முழுக்கச் சிவப்பாகி, வருகிற பஸ்ஸெல்லாம் அதன்மேல் ஏறிப் போகும். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். வைத்த பொட்டைத் துடைக்கவும் கூடாது. அதுவாக உதிர வேண்டும். அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் லேத்தின் நெற்றியில் பழைய பொட்டின் கறை இருக்கும்.

இங்கே சாமணத்தின் எஃகு வழவழவென்று இருக்கும். தண்ணீரில் குழைத்த சந்தனம் அதில் நிற்காது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைப்பேன். மறுநாள் காலையில் ஆல்கஹாலில் கழுவிவிட்டுத்தான் வேலைக்கு எடுப்பேன். சாமணம் என்றால் நம் ஊர் ஆசாரிகள் கல்லைப் பிடிக்க வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன இடுக்கிதான்.

3

மேல்தளத்திலிருந்து இறங்கி வருகிறவர்களில் ஒருத்தி நஸ்ரின். உத்தமபாளையத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. அவள் இங்கே வந்த புதிதில், நான் பம்பு ஒன்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, “அண்ணே, அது செவிட்டுப் பம்புண்ணே, சத்தமாத் திட்டுங்க” என்று குரல் கேட்டது. இந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கையில் இருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“எந்த ஊரு ஆத்தா?”

“பாளையம்ணே. அத்தா பைபாஸ் பக்கம் லாரிக்குக் கூண்டு கட்டுற பட்டறை வச்சிருக்காக.”

அவள் அப்பாவின் அந்தப் பட்டறையைப் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். லிசியை மதினி என்பாள். லிசிக்கு வாரக்கடைசியில் பெரும்பாலும் பணி இருக்கும். அதனால் சமையல் நஸ்ரின் பொறுப்பு, காய் நறுக்குவது என் பொறுப்பு. என் மகன் கதிருக்குப் பதினைந்து வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வான். லிசி மலையாளத்தில் கேட்டாலும் ஜெர்மன்தான். திட்டிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். ஊருக்குப் போனபோது சொந்தக்காரர்கள் நடுவில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையன் ஊமையா என்று ஒரு அம்மாள் என்னிடமே கேட்டாள்.

நஸ்ரினிடம் அவன் பருப்பு வேகவில்லை. முதல் நாளே தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே கதிரு, வாயத் தொறந்து தமிழ்ல கேளு. இல்லைன்னா இன்னைக்குச் சோறு கிடையாது.”

அவன் ஜெர்மனில் ஏதோ சொன்னான்.

“அந்தப் பாஷைக்கு ரொட்டிதான். அதோ இருக்கு, தின்னு.”

மூன்று ஞாயிறு ரொட்டி தின்றான். நான்காவது ஞாயிறு, “அக்கா, எனக்குச் சோறு” என்றான். அதற்குப் பிறகு அவளிடம் மட்டும் தமிழ் பேசினான். அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வசவுதான். ஒருநாள் நான் டிராம் அட்டையை வீட்டில் மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, “அப்பா, நீங்க ஒரு வெளங்காத ஆளு” என்றான். ஒரு எழுத்துப் பிசகில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. லிசிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

4

நஸ்ரினுக்கு இந்த வருட முடிவோடு பணம் நிற்கிறது. பணம் நின்றால் விசாவும் நிற்கும். ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு நல்ல முடிவு வேண்டும், அது அவள் கைக்கு வரவில்லை. அயனி சுடும் கருவி பழுதாகி, அடுத்த வருடம்தான் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள். சுட்டுவைத்த கற்களில் ஒன்றில் விரிசல் விழுந்துவிட்டது, இன்னொன்று அறுக்கும்போது உடைந்தது. மிச்சம் ஒரே ஒரு கல். அதை உலையில் வைத்துப் பார்க்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்தபடி ஆறிவிட்டால் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவளுக்கு ஊர் பிடிக்காமல் இல்லை. “பாதிப் படிப்போட போனா அத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாகண்ணே. அதுதான் தாங்காது” என்று ஒருமுறை சொன்னாள். படிப்பைப் பாதியில் விட்டவன் நான்; பம்பின் எண்ணெயைப் பார்க்கப் போனேன்.

உலை அவளுக்குக் கிடைத்தது ஆயுத பூஜை அன்று மத்தியானம். வேறொருவர் தன் முறையை விட்டுக்கொடுத்தார். கல்லை அமிலத்தில் சுத்தம் செய்யும் வரை அவளோடு கூட நின்றுவிட்டு, நான் அரை நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் கல்லை உலைக்குள் வைத்து, மூடினாள்.

இரண்டு நாள் கழித்துக் கல் வெளியே வந்தது. நிறமாலை எடுத்தார்கள். கொடிமரம் எழும்பியிருந்தது. ஆனால் பக்கத்தில் இரண்டு திமிலும் இருந்தன. ஆற வேண்டிய கல் கரியாகத் தொடங்கியிருக்கிறது. அந்த அளவு அடிக்கு அப்படி நடக்கக் கூடாது. நடந்தால், அளவைப் பற்றி இதுவரை சொன்னதையெல்லாம் திருத்த வேண்டும்.

பேராசிரியர் படிகளில் இரண்டிரண்டாக இறங்கி வந்ததை அன்றுதான் பார்த்தேன். திரைக்கு முன்னால் நின்று, இன்னொரு இடத்தில் எடு, இன்னொரு இடத்தில் எடு என்றார். சில இடங்களில் திமில் பெரிதாக இருந்தது, நடுவில் இல்லவே இல்லை. “அயனிகள் சீராக விழவில்லை, அவ்வளவுதான்” என்றார். அங்கேயே நின்றபடி, நஸ்ரினுக்கு இன்னும் ஒரு வருடம் கேட்டு எழுதுகிறேன் என்றார். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கான கடிதமும் வரும், நேரம் பதிவு செய்துகொள் என்றார்.

அந்த அலுவலகத்தில் நேரம் பதிவு செய்வது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் இணையதளம் திறக்கும் நொடியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நானே உட்கார்ந்து அவளுக்கு வாங்கிக்கொடுத்தேன். அக்கா இன்னும் ஒரு வருடம் இருப்பாள் என்று கதிரிடம் சொன்னேன். அவன் ஜெர்மனில் “நல்லது” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

5

அடுத்த வாரம் நஸ்ரின் என் மேசைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் என் சாமணம் இருந்தது.

“அண்ணே, பூஜைத் தட்டுல இதை வச்சீகளா?”

“வச்சேன். வருசா வருசம் வைக்கிறதுதான. ஏன்?”

“நான் இதைத்தான் எடுத்தேன். அன்னைக்கே.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் சாமணத்தின் இரண்டு காலும் சேரும் இடத்தைக் காட்டினாள். இடுக்கில் மணல் அளவுக்குச் சிவப்பு இருந்தது.

“என்னோட சாமணம் முனை வளைஞ்சு கெடந்துச்சு. ஒலை காத்திருக்கு. தட்டுல ஒங்களோடது பளபளன்னு இருந்துச்சு. எங்க பட்டறையில ஆளுக பூஜை போடும்போது அத்தா ஒரு திருப்புளியத் தொட விட மாட்டாக. அவுகளுக்கு உள்ள நாளுல நாம கை வைக்கக் கூடாதுன்னுவாக. எல்லாம் தெரிஞ்சேதான் எடுத்தேன். தொடச்சுட்டுத்தான் எடுத்தேன்ணே.”

“தொடச்சேல்ல, அப்பறம் என்ன?”

“மேல தொடச்சேன். இடுக்குல எண்ணெ இருந்திருக்கு. அது காலு வழியா எறங்கியிருக்கு. சுத்தம் பண்ணின கல்லை அதாலதான் பிடிச்சு ஒலையில வச்சேன். எண்ணெயும் குங்குமத்து மஞ்சளும் அந்தச் சூட்டுல என்னாகும்?”

கரியாகும். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை, அடுப்பங்கரை தெரிந்தால் போதும். கல்லின் மேல் படிந்த கரியும், கல்லே மாறி உண்டான கரியும் லேசருக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும் என்று அவள் சொன்னாள். பிறகு தான் எடுத்த எல்லா இடங்களையும் வரைந்திருந்த தாளை விரித்தாள். சதுரத்தின் இரண்டு எதிர்ப் பக்க ஓரங்களில் மட்டும் கறுப்பு அடித்திருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் கிள்ளிக் காட்டினாள்.

“சீரா விழலைன்னா இப்படியாண்ணே விழும்?”

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

“யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. பேராசிரியரே அயனின்னுட்டாரு. அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? விட்டுரு ஆத்தா. ஒரு வருசம் கெடைக்குதுல்ல, அதுல வேற கல்லைச் சுட்டு வேற முடிவைக் கொண்டா.”

“கொதிக்க வச்சுப் பாக்கணும்ணே. மேல படிஞ்ச கரின்னா அமிலத்துல போயிரும். உள்ள புதைஞ்சதுன்னா போகாது. அமிலம் அங்கன எட்டாது. அரை நாளு வேலை.”

“போயிருச்சுன்னா?”

“போயிருச்சுன்னா போயிருச்சு.”

“நீயும் போயிருவ.”

அவள் சாமணத்தை மேசையில் வைத்தாள். “அண்ணே, இதை எழுதி வெளியிட்டா, அடுத்து எவனோ ஒருத்தன் இதே கல்லை இதே மாதிரி சுடுவான். அவனுக்குத் திமில் வராது. நம்மகிட்ட என்ன தப்புன்னு திரும்பத் திரும்பச் சுடுவான். அவனுக்கும் விசா முடியும். அவன் எங்கன இருந்து வந்தவனோ.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பம்பு வேலை இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். நாளைக்கும் பம்பு வேலை இருந்தது. அமிலம் கொதிக்கவைக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது விதி. ஒருவர் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவர். எங்கள் கூடத்தில் அது நான். அதனால்தான் என்னிடம் வந்தாள். அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். கதிர் மறுபடி வாயை மூடிக்கொள்வான். இன்னொரு பக்கம், ஆய்வுக்கூடத்தில் குங்குமம் வைத்தவனை என்ன செய்வார்கள் என்றும் நினைத்தேன். இரண்டு நினைப்பும் ஒரே பக்கம்தான் இழுத்தன.

மூன்றாம் நாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

“நீங்க வரலைன்னா, பக்கத்துக் கூடத்து ஆளைக் கூப்பிடுவேன். அவுக ஏன், எதுக்குன்னு கேப்பாக. நீங்களே வந்தா நல்லதுண்ணே.”

அது மிரட்டல் இல்லை. எனக்கு வழிவிட்டாள்.

6

கனமான கையுறை, முகக்கவசம், முழங்கால் வரைக்கும் ரப்பர் அங்கி. கண்ணாடிக் கதவை மார்பு வரை இறக்கி, கையை மட்டும் உள்ளே விட்டுத்தான் வேலை. அமிலம் சூடேறி மஞ்சளாகப் புகைந்தது. கல்லைப் புதுச் சாமணத்தால் எடுத்துக் குடுவைக்குள் விட்டேன். அது அடியில் போய் உட்கார்ந்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை. வைரத்துக்கு இந்த அமிலம் ஒன்றும் செய்யாது. கரியைத்தான் தின்னும். சூரத்திலும் தீட்டிய கற்களை இப்படித்தான் அமிலத்தில் அலசுவார்கள். அங்கே முகக்கவசம் இல்லை, ஜன்னலோரம் நின்றுகொள்வோம்.

நஸ்ரின் என் பின்னால் நின்றாள். ஒருமுறை மட்டும், “கல்லு இருக்கா?” என்றாள்.

“எங்க போகும்?”

“கேட்டேன்.”

ஆறவைத்து, கழுவி, உலர்த்தி, மேலே கொண்டுபோனோம். விளக்கை அணைத்துவிட்டு, பழைய இடத்திலேயே லேசரை விழவைத்தாள், எதிர் ஓரங்களில் ஒன்றில். கணினி ஒளியைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது நான் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். திரையின் வெளிச்சம் அதில் விழுந்திருந்தது. கண் இடமிருந்து வலமாகக் கோட்டின் கூடவே போயிற்று. திமில் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நின்றது.

“பதிமூணு முப்பத்திரெண்டு மட்டும் நிக்குதுண்ணே” என்றாள். வைரத்தின் முனை நிற்கும் இடத்துக்கு அவர்கள் அப்படித்தான் எண் சொல்வார்கள். அடுத்த ஓரம். அங்கேயும் அது மட்டும். நடுவிலும் அதேதான். எல்லா இடத்திலும் கோடு தரையோடு வந்து, ஒரே இடத்தில் நேராக எழுந்து, மறுபடி தரைக்கு இறங்கியது. நான் பார்த்ததிலேயே அவ்வளவு சுத்தமாக ஆறிய கல் அதுதான்.

“நல்லா ஆறியிருக்குல்ல?” என்றாள்.

“ம்.”

“சண்டாளக் கல்லு” என்று சொல்லிச் சிரித்தாள்.

பேராசிரியரிடம் இருவரும் போனோம். அவள் இரண்டு நிறமாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னாள். சாமணத்தில் என்ன அழுக்கு என்று அவர் கேட்டார். அவள் வாயெடுப்பதற்குள் நான் குங்குமம் என்றேன். அந்தச் சொல்லுக்கு ஜெர்மன் இல்லை. சிவப்புப் பொடி, பூஜைத் தட்டில் இருந்தது, நீங்கள் பொரி எடுத்தீர்களே அதற்குப் பக்கத்தில் என்றேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு கோட்டைப் பார்த்தார்.

“அருமையான வைரம்” என்றார். “இதை வைத்து நான் யாரிடமும் ஒரு வருடம் கேட்க முடியாது.”

“தெரியும்” என்றாள் அவள்.

“நல்லவேளை, நாம் எழுதி அனுப்பவில்லை.”

“ஆமாம்.”

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் சடங்கை உணவறையில் வைத்துக்கொள்ளுங்கள், கருவிகள் வேண்டாம், ஒரு கரண்டியோ கத்தியோ வைக்கலாம் என்றார். பொரி தொடரலாமா என்று கேட்டேன். தொடரலாம் என்றார். வருட முடிவு வரைக்கும் இருக்கிற முடிவுகளை வைத்து நஸ்ரின் எழுதுவாள். அது பட்டத்துக்குப் போதுமா என்பதைக் குழு பார்த்துச் சொல்லும். போதும் என்று அவரும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் நான் பதிவு செய்து கொடுத்த நேரத்தை நானே ரத்து செய்தேன். ரத்து செய்வது சுலபம். எந்த நேரத்திலும் இணையதளம் திறக்கிறது.

7

அந்த ஞாயிறு அவள் வழக்கம்போல வந்தாள். லிசிக்குப் பணி. பிரியாணிக்கு வெங்காயம் வதக்கி, மசாலா போட்டு, பானையை மூடித் தம்மில் வைத்தாயிற்று. வேலை முடிந்து மேசையில் உட்கார்ந்திருந்தோம். கதிர் சுவரில் சாய்ந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும் போலிருந்தது.

அவள் அத்தாவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தாள். பாய் பட்டறையிலேயே இருந்தார். பின்னால் பாதி கட்டிய லாரிக் கூண்டு தெரிந்தது. யாரோ பற்றவைக்கும் வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. கையை நீட்டி அவனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

“என்னம்மா, சாப்டியா?”

“இனிமேத்தான்த்தா. கோம்பை அண்ணன் வீட்டுல இருக்கேன்.”

நான் தலையை நீட்டி வணக்கம் சொன்னேன். “நல்லா இருக்கீகளா மச்சான்?” என்றார். நாங்கள் நேரில் பார்த்ததில்லை. பாளையத்தில் அதற்கெல்லாம் நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை.

“அந்தக் கல்லு என்னாச்சு? ஏதோ கரியாயிருச்சுன்னு அன்னைக்குச் சொன்னியே?”

“அது சரியாயிருச்சுத்தா. சூடு வச்சதும் பழையபடி ஆயிருச்சு. ஒரு கொறையும் இல்ல.”

“அட, அல்லாக் காத்தான். அம்புட்டு அடி வாங்கின கல்லு சரியாச்சுன்னா எம்புட்டு நல்லது.” அவர் முகம் போனுக்குக் கிட்டத்தில் வந்தது. “அப்பறம் ஏம்மா கண்ணு கலங்கிப் போயிருக்கு?”

“ஒண்ணுமில்லத்தா. வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கேன்.”

மேசையில் வெங்காயம் இல்லை. அவளுக்கு முன்னால் வெறும் கைகள்தான் இருந்தன. நான் என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தேன்.

கதிர் சுவரிலிருந்து நிமிர்ந்தான். செல்போனைப் பைக்குள் போட்டான். கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, போனின் பக்கவாட்டில் கையை நீட்டி, அத்தாவுக்குத் தெரிகிற மாதிரி அவள் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு ஒரு கத்தியை எடுத்து வைத்தான். பிறகு இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உரிக்கத் தொடங்கினான்.